குளவி காத்த கிழங்கு

புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஒரு குளவியாக்கிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வடமொழி மரபில் இதனைப் பிரமர கீட நியாயம் என்பர். குருவை இடையறாது நினைக்கும் சீடன் குருவாகவே ஆகிவிடுவதற்கும், சிவனை நினைந்த உயிர் சிவமாம் தன்மை எய்துவதற்கும் இவ்வுவமையை நம் வேதாந்திகளும் சித்தாந்திகளும் விரும்பி எடுத்தாண்டனர். மண்கூடு கட்டும் குளவி, பச்சைப்புழு ஒன்றைத் தூக்கிவந்து கூட்டுக்குள் இட்டு வாயை அடைத்துவிடுகிறது. நாட்கள் சில கழிந்ததும் அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி பறந்து செல்கிறது. கண்டவர்களின் கண்ணில் பிழையில்லை. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. அடைபட்ட கூட்டுக்குள் நடந்ததைத்தான் அவர்கள் தம் மனத்தால் நிரப்பிக்கொண்டார்கள். உண்மையில், கொட்டுண்டு செயலிழந்த புழு, குளவி இட்ட முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுவுக்கு இரையாகியிருந்தது.

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய இயற்கையியலாளரான அல்டிரோவாண்டி, முட்டைக்கோசுப் புழுவின் உடலைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒட்டியிருந்த சிறு கூடுகளைக் கண்டு, அவை அப்புழு இட்ட முட்டைகள் என்று 1602இல் எழுதிவைத்தார். அவை புழுவின் உடலுக்குள் வளர்ந்து, அதனைத் தின்று முடித்து வெளியேறிய குளவிக் குஞ்சுகள் பின்னிக்கொண்ட கூடுகள். இதனைச் சரியாக விளங்கிக்கொண்டு சொல்ல மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. வல்லிஸ்னியேரி இத்தாலியிலும் லீவன்ஹூக் ஹாலந்திலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைத் தெளிவுபடுத்தினர்.

பேன், நாடாப்புழு போன்ற ஒட்டுண்ணிகள் தாம் வாழும் உடலைப் பொதுவாகக் கொல்வதில்லை. உடல் அழிந்தால் அவற்றுக்கும் வாழ்வில்லை. இக்குளவிகளோ ஓர் உடலுக்குள் வளர்ந்து, அதை முற்றாக உண்டு, கொன்றே வெளிவருகின்றன. வளர்ந்த பின் அவை தனித்துப் பறந்து, தேனையும் இனிப்பு நீரையும் அருந்தி வாழ்கின்றன. இவ்வேறுபாட்டைக் குறிக்கப் ‘பாரசிடாய்ட்’ என்ற தனிச்சொல்லை ஃபின்லாந்துக்காரரான ராய்ட்டர் 1913இல் உருவாக்கினார். நாம் இக்கட்டுரையில் ஒட்டுண்ணிக் குளவி என்றே சொல்லிச் செல்வோம்.

டார்வினுக்கு இக்குளவிகளைப் பற்றி எழுந்த அருவருப்பு புகழ்பெற்றது. உயிருள்ள புழுவின் உடலை உள்ளிருந்தே உண்ணும்படி ஒரு குளவியினத்தைக் கருணையும் வல்லமையும் மிக்க கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என, 1860 மே மாதத்தில் ஆசா கிரே என்னும் அமெரிக்கத் தாவரவியலாளருக்கு அவர் எழுதினார். இறையியலுக்கு எதிரான சான்றாக அவர் நிறுத்திய அக்குளவியின் உறவினம் ஒன்று, அக்கடிதத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியைப் பசியிலிருந்து காத்தது. அந்த வரலாறு தமிழில் அதிகம் பேசப்படாதது. அதன் கடைசி அத்தியாயம் சேலத்தில் எழுதப்படுவதால், நாம் அதை அறிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கிறது.

*

மரவள்ளிக்குத் தாய்நிலம் தென் அமெரிக்கா. சேலத்தார் குச்சிக்கிழங்கு என்றும் குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்றும் வழங்கும் இக்கிழங்கைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே அது வேரூன்றிய வேகத்துக்குக் காரணங்கள் உண்டு. மெலிந்த மண்ணிலும் விளையும். மழை தவறினாலும் தாங்கும். வெட்டிய தண்டைக் குச்சியாக ஊன்றினாலே முளைத்துவிடும் என்பதால் விதை வாங்க வேண்டியதில்லை. முற்றிய பின்னும் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து, வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். களஞ்சியம் கட்ட வசதியில்லாதவருக்கு நிலமே களஞ்சியம். போரும் கொள்ளையும் மிகுந்த காலங்களில் மேலே விளைந்த தானியத்தைப் பறித்துச் செல்பவர்களிடமிருந்து தப்பி, மண்ணுக்குள் மறைந்து காத்திருந்தது இக்கிழங்கு. காங்கோ நாடுகளில் இதன் கொழுந்திலைகளையும் இடித்துச் சமைத்து உண்பர். ஏழைகளின் கிழங்கும் கீரையும் ஒரே செடியில் விளைந்தன. 1970களில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 20 கோடி மக்கள் இதை நம்பி வாழ்ந்தார்கள்.

பயிர் கடல் கடந்தபோது அதைத் தின்னும் பூச்சிகளிற் பல கடல் கடக்கவில்லை. பகைவரில்லாத புதுமண்ணில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மரவள்ளி செழித்தது. 1973இல் அந்த நல்லூழ் முடிவுக்கு வந்தது. அன்று ஸயிர் என்றழைக்கப்பட்ட நாட்டின் கின்ஷாசா நகரைச் சுற்றியும், ஆற்றுக்கு மறுகரையிலுள்ள பிராசவில்லைச் சுற்றியும் மரவள்ளிச் செடிகளின் நுனிகள் சுருண்டு, கணுக்கள் குறுகி, கொழுந்துகள் கொத்தாகத் திரண்டு, வெண்மாவு தூவியதுபோல் காட்சியளித்தன. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ நல்லெண்ணத்துடன் கொண்டுவந்த நடவுக் குச்சிகளில் ஒட்டிக்கொண்டு அப்பூச்சி வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்.

அது ஒரு மாவுப்பூச்சி. செம்பருத்தியிலும் கொய்யாவிலும் நாம் காணும் மாவுப்பூச்சிகளின் உறவு. எனினும் இந்த இனத்தை அதுவரை எந்த அறிவியலாளரும் பதிவு செய்திருக்கவில்லை. பிரெஞ்சுப் பூச்சியியலாளரான மத்தீல்-ஃபெரெரோ 1977இல் அதற்கு ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். இந்த இனத்தில் ஆண் என்று ஒன்றில்லை. பெண்ணே தனித்து முட்டையிடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 முட்டைகள். ஒரே ஒரு பூச்சி புதிய வயலை அடைந்தால் போதும், ஒரு குலமே அங்கு தோன்றிவிடும். பொரித்தவுடன் ஊர்ந்து திரியும் குஞ்சுகளைக் காற்று தூக்கிச் சென்றது; நடவுக் குச்சிகளை ஊர்விட்டு ஊர் எடுத்துச் சென்ற மனிதர்களும் அவற்றை அறியாமலே சுமந்தார்கள். மழைக்காலத்தில் நீர் அவற்றை ஓரளவு கழுவிவிடும். கோடையில் தடையேதுமில்லை. தாக்கப்பட்ட வயல்களில் கிழங்கு விளைச்சல் 80 விழுக்காடு வரை வீழ்ந்தது. அடுத்த பருவத்துக்கு ஊன்றுவதற்கான குச்சிகளும் நலிந்துபோயின. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நைஜீரியா, பெனின் முதலான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள்ளும் அது புகுந்துவிட்டிருந்தது.

பூச்சிமருந்து அடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வை மருந்தை எளிதில் உள்ளே விடாது. சுருண்ட கொழுந்துக்குள் அது மறைந்தும் வாழும். மேலும், தன் குடும்பம் உண்பதற்காக அரை ஏக்கரில் குச்சி ஊன்றும் பெண்ணிடம் தெளிப்பானும் இல்லை, மருந்து வாங்கக் காசும் இல்லை. தின்னும் கீரையிலேயே நஞ்சைத் தெளிப்பதன் ஆபத்து வேறு. பூச்சியைத் தாங்கும் புதிய மரவள்ளி இரகங்களை உருவாக்கலாம். அதற்கோ பல ஆண்டுகள் ஆகும், உருவாக்கிய பின் கோடிக்கணக்கான சிறு வயல்களுக்கு அவற்றைக் கொண்டுசேர்க்கவும் வேண்டும்.

*

நைஜீரியாவின் இபாடான் நகரில் 1967இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனத்துக்கு 1979இல் ஹான்ஸ் ருடால்ஃப் ஹெரன் என்ற இளம் சுவிஸ் பூச்சியியலாளர் வந்து சேர்ந்தார். ஜூரிக்கில் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரியல் கட்டுப்பாட்டைப் பயின்றவர். அவருடைய வாதம் எளிமையானது. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இப்பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அங்கே இது ஒரு கொள்ளைநோயாக இல்லை. அறிவியலாளர் கண்ணில் பட்டதுகூட இல்லை. எனவே அங்கே ஏதோ ஒன்று இதனை அடக்கிவைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

இதற்கு முன்னுதாரணங்கள் இருந்தன. முட்டைக்கோசுப் புழுவைத் தாக்கும் சிறு குளவியை இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு 1883இல் வரவழைத்தார் சார்லஸ் வேலன்டைன் ரைலி. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில்பூச்சிக்கு எதிராக, 1888இல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியா சென்று ஒரு பொறிவண்டைத் தேடி அனுப்பினார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி முதலான மலிவான மருந்துகள் வந்ததும் இவ்வழி மங்கிப்போயிற்று. ரேச்சல் கார்சனின் மௌன வசந்தம் 1962இல் வெளிவந்து மருந்துகளின் மறுபக்கத்தைக் காட்டிய பிறகே பழைய வழியின்மீது மீண்டும் கண்கள் திரும்பின.

தேடல் சொல்வதுபோல் எளிதாக இருக்கவில்லை. தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. பார்வைக்கு ஆப்பிரிக்கப் பூச்சியேதான். அதன் எதிரிகளைச் சேகரித்து ஆப்பிரிக்கப் பூச்சியின்மீது விட்டுப் பார்த்தபோது அவை அதனை ஏற்கவில்லை. கூர்ந்து ஆராய்ந்ததில், வடபகுதிப் பூச்சியினத்தில் ஆண்கள் இருப்பது தெரிந்தது. அது வேறோர் இனம். அதற்கு ஹெரனின் பெயராலேயே ஃபெனகாக்கஸ் ஹெரனி என்று 1981இல் பெயரிடப்பட்டது. வகைப்பாட்டியல் என்பது காட்சியகத்து அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கும் துறை என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைக் கருதிப் பார்க்கலாம். இரண்டு பூச்சிகளும் ஒன்றல்ல என்று அன்று தெளியாமல் போயிருந்தால், தவறான பூச்சியின் எதிரிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பித் தோற்ற பின், இம்முறையே பயனற்றது என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருக்கக்கூடும்.

தேடல் தெற்கு நோக்கி நகர்ந்தது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தைச் சேர்ந்த ஆண்டனி பெல்லோட்டி 1981இல் பராகுவே நாட்டில் ஒரு மரவள்ளி வயலில் அந்தப் பூச்சியைக் கண்டார். ஆணில்லாத அதே இனம். மிகச் சில பூச்சிகளே இருந்தன. அவற்றிலும் பல உலர்ந்து, பழுப்பேறி, எகிப்தியப் பிணங்களைப் போல் இறுகிக் கிடந்தன. அப்படிப்பட்ட கூடுகளிலிருந்து வெளிவந்தது, எள்ளினும் சிறிய ஒரு கருங்குளவி. அர்ஜென்டினாவின் தெ சான்டிஸ் என்ற பூச்சியியலாளர் 1964இலேயே பெயரிட்டுவிட்ட இனம் அது. இன்று அதனை அனகைரஸ் லோபெசி என்று அழைக்கிறார்கள்.

பராகுவேயிலிருந்து அது நேரே ஆப்பிரிக்காவுக்குச் செல்லவில்லை. மரவள்ளி விளையாத, தப்பினாலும் பிழைத்திருக்க முடியாத குளிர்நாடான இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் வைத்து வளர்த்தார்கள். இக்குளவியோடு வேறு நோயோ, குளவியைத் தாக்கும் மற்றொரு குளவியோ ஒட்டிவரவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே இபாடானுக்கு அனுப்பினார்கள். 1981 நவம்பரில் அங்குள்ள ஆய்வு நிறுவன வளாகத்திலேயே முதல் குளவிகள் விடுவிக்கப்பட்டன.

*

இனி அக்குளவி செய்யும் தொழிலைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

பெண்குளவி பரந்த வெளியில் குருட்டாம்போக்கில் தேடுவதில்லை. மாவுப்பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடி ஒருவித வாசத்தை வெளியிடுகிறது. அவ்வாசமே குளவியை அழைத்து வருகிறது. துன்புறும் செடி தன் காவலரைக் கூவி அழைக்கிறது என்று கவிஞர் சொல்லக்கூடும். பூச்சியியலாளர் சோதனைக் குழாய்களில் இதைச் சோதித்து அறிந்தார்கள். செடியில் இறங்கிய குளவி தன் உணர்கொம்புகளால் மாவுப்பூச்சிகளைத் தட்டித் தட்டி ஆராய்கிறது. மிகச் சிறிய பூச்சியைக் குத்தி, கசியும் நீரை உறிஞ்சித் தானே பசியாறுவதும் உண்டு. நடுத்தர அளவுள்ள பூச்சிக்குள் ஆண் முட்டையையும், பெரிய பூச்சிக்குள் பெண் முட்டையையும் இடுகிறது.

இத்தேர்வு எப்படி இயலும் என்று வியக்கலாம். குளவி, எறும்பு, தேனீ ஆகியவற்றின் குலத்தில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். தாய் தன் உடலில் சேமித்துவைத்துள்ள விந்தை முட்டையின்மீது விடுவதா வேண்டாமா என்று தீர்மானித்தால் போதும், பிள்ளை ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடும். அடுத்த தலைமுறை முட்டைகளைச் சுமக்கவேண்டிய மகளுக்கு நிறைந்த உணவு தேவை. மகனுக்குக் குறைந்த உணவே போதும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இரையின் உடல்நீரை உண்டு, பிறகு உள்ளுறுப்புகளையும் உண்கிறது. மாவுப்பூச்சியின் தோல் மட்டும் எஞ்சி இறுகிக் கூடாகிறது. அக்கூட்டில் வட்டமாக ஒரு துளையிட்டுப் புதிய குளவி வெளியேறுகிறது. இவையனைத்தும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

இதில் உழவியலோடு தொடர்புடைய ஒரு நுட்பமும் உண்டு. மிக மெலிந்த மண்ணில் நலிந்து வளரும் செடியில் மாவுப்பூச்சிகளும் சிறுத்தே இருக்கும். சிறு பூச்சிகளில் குளவி ஆண் முட்டைகளையே அதிகம் இடும். பெண் குளவிகள் குறைந்தால் அடுத்த தலைமுறையின் வேட்டை தளரும். ஆப்பிரிக்காவில் சில வயல்களில் மட்டும் குளவி சரிவரப் பயன்தராததன் காரணத்தைத் தேடியபோது இச்சங்கிலி வெளிப்பட்டது. அவ்வயல்களுக்கு இலைதழைகளால் மூடாக்கிட்டு மண்ணைத் தேற்றியபோது நிலைமை சீர்பட்டது. மண்ணின் வறுமை செடிக்கும், செடியின் வறுமை பூச்சிக்கும், பூச்சியின் வறுமை குளவிக்கும் கைமாறுகிறது.

இபாடானில் விடுவித்த குளவி நிலைகொண்டது, தானாகவே பரவியது. ஒவ்வொரு நாட்டின் அழைப்பின் பேரிலும் மேலும் மேலும் வளர்த்து அனுப்பினார்கள். சாலைகளற்ற பகுதிகளுக்காக விமானத்திலிருந்தும் குளவிகளைத் தூவினார்கள். 1980களின் போக்கில் ஏறத்தாழ 150 இடங்களில் அவை விடுவிக்கப்பட்டன. மேற்கே செனகலிலிருந்து கிழக்கே மலாவி வரை, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவை குடியேறின. வேறு சில குளவிகளையும் பொறிவண்டுகளையும்கூடக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். எனினும் பெரும்பணியைச் செய்தது இந்த ஒரு குளவியே. பெரும்பாலான வயல்களில் மாவுப்பூச்சியின் எண்ணிக்கை முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் இறங்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அவருடன் பணியாற்றிய பீட்டர் நாயன்ஷ்வாண்டர் போன்றோர் பெனினிலிருந்து இப்பணியைப் பல்லாண்டு தொடர்ந்தனர்.

மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவை விட்டு ஒழிந்துபோகவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது முற்றாக ஒழிந்தால் குளவிக்கு உணவேது? சில பூச்சிகளும் சில குளவிகளும் என்றும் இருந்துகொண்டே இருக்கும். பூச்சி பெருகினால் குளவி பெருகும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். வெற்றி என்று இங்கே நாம் குறிப்பிடுவது, உழவர் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவில் நிலைத்துவிட்ட ஓர் இழுபறியைத்தான்.

*

இம்முறைக்கு மறுபக்கமே இல்லை என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். ஜிப்சி அந்துப்பூச்சியை அடக்குவதற்காக 1906இல் அமெரிக்காவில் ஓர் ஒட்டுண்ணி ஈயை விடுவித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பூச்சியினங்களின் புழுக்களில் வாழவல்ல ஈ அது. அந்நாட்டின் அழகிய பெரும் பட்டு அந்துப்பூச்சிகள் அருகிப்போனதில் அந்த ஈக்குப் பெரும்பங்கு இருக்கலாம் என 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விட்ட பூச்சியைத் திரும்ப அழைக்க இயலாது. ஆகவேதான் ஒன்றையே உண்ணும் எதிரியைத் தேடுவதும், தனிமைக் காப்பில் வைத்துச் சோதிப்பதும் இன்று இத்துறையின் விதிகளாகியிருக்கின்றன. பராகுவேக்குச் சென்று, இங்கிலாந்தில் தங்கி, பின்னரே இபாடானை அடைந்த அந்த நீண்ட பாதையில் காட்டிய பொறுமை, வெற்றியின் ஒரு பகுதி.

நம் மண்ணுக்கும் இத்துறை புதிதன்று. சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற வணிக ஆசையில் ஆங்கிலேயர் 1795இல் கொண்டுவந்த ஒரு பூச்சி, சாயத்துக்குப் பயன்படாத இனமாக இருந்தாலும், சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்பு 1926இல் இலங்கையிலிருந்து வரவழைத்த அதன் உறவினம், புதராய் மண்டியிருந்த மற்றொரு கள்ளியினத்தைத் தென்னிந்தியாவில் ஒடுக்கியது. கரும்புத் தோட்டங்களில் இலையில் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை நம் உழவர்கள் பலர் அறிவர். டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவியின் குஞ்சுகள் அடங்கிய அட்டைகள் அவை. பருவந்தோறும் வாங்கிக் கட்டவேண்டிய முறை அது. ஆப்பிரிக்காவில் கையாண்டது, ஒருமுறை விட்டுவிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பயன்பெறும் முறை.

அம்முறையின் பயனைத் தமிழ்நாடு அண்மையில் இருமுறை அடைந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டது. அதனை இனங்கண்டு சொன்னவர்களில் அமெரிக்காவில் பணியாற்றிய பூச்சியியலாளர் முனியப்பன் முதன்மையானவர். பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி எனக் கொங்கு நாட்டின் பயிர்கள் பலவற்றில் அது வெண்போர்வை போர்த்தியது. உழவர்கள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பயனில்லாமல் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிப் பணியகம் வரவழைத்தது. அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, ஓராண்டு அளவிலேயே நிலைமையை மாற்றியது.

அடுத்து வந்தது, ஆப்பிரிக்காவை அலைக்கழித்த அதே மரவள்ளி மாவுப்பூச்சி. 2008இல் அது தாய்லாந்தை எட்டியபோது, அந்நாடு மறு ஆண்டே பெனினிலிருந்து லோபெசி குளவியைத் தருவித்துக்கொண்டது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் அப்பூச்சி கண்டறியப்பட்டது. விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களிலும் பரவியது.

சேலத்துக்கு மரவள்ளி என்ன பொருள் தரும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஏழைகளின் உணவாக இக்கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது, மரவள்ளி மாவிலிருந்தே அதைச் செய்யலாம் என்று 1943ஐ ஒட்டிச் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் முயன்று வென்றனர். அன்று முதல் நம் பாயசமும் வடகமும் அந்த வட்டாரத்துக் குச்சிக்கிழங்கை நம்பியிருக்கின்றன. 2021இல் பெனினிலிருந்து குளவிகள் பெங்களூருக்கு வந்தன. தனிமைக் காப்புச் சோதனைகளுக்குப் பின் 2022 மார்ச் மாதம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்கள் முன்னிலையில் அவை விடுவிக்கப்பட்டன. பராகுவேயின் ஒரு வயலில் 1981இல் கண்டெடுத்த குளவியின் வழித்தோன்றல்கள், நாற்பதாண்டுகள் கழித்து இங்கு வந்து இறங்கின.

*

வரலாறு நிகழ்ந்தவற்றையே எழுதும். தாது வருடப் பஞ்சத்துக்குக் கும்மிப்பாட்டு உண்டு. வங்காளப் பஞ்சத்துக்கு நாவல்களும் ஓவியங்களும் திரைப்படங்களும் உண்டு. வராமற்போன பஞ்சத்துக்கு என்ன இருக்கிறது? 1988இல் ரிச்சர்ட் நோர்கார்ட் என்ற பொருளியலாளர் கணக்கிட்டுப் பார்த்து, ஆப்பிரிக்கக் குளவித் திட்டத்தில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் விளைந்ததென்று எழுதினார். இரண்டு கோடி உயிர்கள் காக்கப்பட்டதாகவும் பலர் சொல்வதுண்டு. சாகாதவர்களை எண்ணும் கணக்கு ஊகமாகவே இருக்க முடியும். தாங்கள் காக்கப்பட்டதை அம்மக்களுள் பெரும்பாலோர் அறியவும் மாட்டார்கள். ஒரு பருவம் செடி சுருண்டது. சில பருவங்கள் கழித்துச் சுருளவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

இந்த மறதிக்கு விலையும் உண்டு. லோபெசி குளவியை எவரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. ஒருமுறை விட்டால் அது வேலி பார்க்காமல் பக்கத்து வயலுக்கும் பறந்துவிடும். அடுத்த ஆண்டும் வாங்குவதற்கு ஆளிருக்காது. ஆகவே அதற்கு முகவரில்லை, சுவர் விளம்பரமில்லை. பராகுவேக்கு ஆளனுப்புவதும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் காலையும் கொம்பையும் எண்ணி இனம் பிரிப்பதும், அவற்றைத் தலைமுறைகளாக வளர்த்துக் காப்பதும் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனங்களால் மட்டுமே இயன்றன. வந்த ஆபத்து கண்ணெதிரே இருக்கும் வரை அந்நிறுவனங்களுக்குப் பணம் கிடைக்கும். ஆபத்து விலகியதும் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வி எழும். அடுத்த பூச்சி எந்தக் குச்சியில் ஒட்டிக்கொண்டு எத்துறைமுகத்தில் இறங்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத காலத்தில், அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவர்களாக நாமாவது இருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் சொல்லைக் கேட்டு, இன்னும் ஒருமுறை தெளித்துவிடலாம் என்று கிளம்பும் உழவரும் அதற்குமுன் ஒரு கணம் செடியின் நுனியைத் திருப்பிப் பார்க்கலாம். வெள்ளைப் பூச்சிகளுக்கிடையே பழுப்பாக, இறுகி, முதுகில் வட்டத் துளையோடு சில கூடுகள் தென்பட்டால், வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். அன்று தெளிக்கும் மருந்து மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியை விட்டுவிட்டு, வெளியே பறக்கும் குளவியைத்தான் முதலில் கொல்லும்.